பாதி நிமிட ஆட்டக்காரி

இன்று காலையும் பாடி மேம்பாலத்துக்கு முன்னால் கம்பெனி வேன் நின்றுவிட்டது. போனில் ஆளுக்கு ஒரே நிமிடம் தரும் செஸ் ஆடிக்கொண்டிருந்தேன். கடிகாரம் முப்பது விநாடியைத் தொட்டதும் பழக்கதோஷத்தில் போனைப் பக்கத்து சீட்டுக்கு நீட்டினேன். அங்கே இருந்த கேண்டீன் அக்கா பதறிவிட்டாள். "இத்த இன்னாத்துக்குமா என்னாண்ட நீட்ற?"

அந்த சீட்டில் தினமும் என்னோடு வந்த நீ போய் நாலு மாதம் ஆகிறது. கைக்கு மட்டும் இன்னும் புத்தி வரவில்லை.

என் போனில், ஒரே பெயரில் நாம் இருவரும் ஆடியது விதிப்படி தப்பு. சொன்னால் நீ கேட்டால்தானே! முதல் பாதி எனக்கு. காய்களை ஒழுங்காக நிறுத்தி முடிப்பதற்குள் நேரம் கரைந்துவிடும். "குடுடி இங்க! இன்னும் யோசிச்சினு கீறா பாரு" என்று பிடுங்கிக்கொள்வாய். அப்புறம் நடப்பதெல்லாம் அக்கிரமம். காரணமே இல்லாமல் குதிரையைப் பலி கொடுப்பாய். ராஜாவை நடுக்கட்டத்துக்கு உலாத்த அனுப்புவாய்.

"பைத்தியமாடி உனக்கு?" என்று கத்துவேன்.

"அவன் ‘இன்னாத்துக்கு இப்டி ஆடுறா’ன்னு யோசிக்கிறான் பாரு, அந்த டைம்தான்டி நமக்கு லாபம்" என்பாய். சொன்னபடியே எதிராளி நேரம் தீர்ந்து தோற்றுப்போவான். நீ சீட்டில் குதிப்பாய், டிரைவர் அண்ணன் திட்டுவார்.

நாலே நாள் காய்ச்சல். சேக்காட்டு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து நேரே சுடுகாடு. எங்களுக்கு யோசிக்கக்கூட அவகாசம் தரவில்லை நீ. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தினமும் நம்மோடு ஆடுவானே ஒரு வெளிநாட்டுக்காரன், நீ ‘மாமே’ என்று பெயர் வைத்தவன், அவனிடம் மட்டும் நான் சொல்லவில்லை. அவன் ஒருவனுக்காவது நீ உயிரோடு இருந்துவிட்டுப் போ என்றிருந்தது. உன்னைப்போலவே ஆடிப் பார்த்தேன். குதிரையைக் கொடுக்கும் முன் ஐந்து விநாடி தயங்குவேன். தயங்கினால் அது உன் ஆட்டமா?

இன்று வேனில் அவனிடம் நான் தோற்றதும் அவன் ஆங்கிலத்தில் எழுதினான்: "நீங்கள் இரண்டு பேர் என்று எனக்கு எப்போதோ தெரியும். யோசிக்காமல் ஆடுபவர் எங்கே?"

‘இறந்துவிட்டாள்’ என்று அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். கம்பெனி கேட் வருவதற்குள் அனுப்பிவிட்டேன்.

மதியம் சாப்பிடும்போது பதில் வந்தது: "வருந்துகிறேன். நான் தோற்றதெல்லாம் அவரிடம்தான்."

அழுகைக்கு நடுவே எனக்குப் பொறாமையும் வந்ததடி, அவன் சொன்னது உண்மைதானே. கீழேயே இன்னொரு ஆட்டத்துக்கு அழைத்திருந்தான். சரி என்று தொட்டேன். கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. நிமிடம் முழுவதையும் நானே ஆடியாக வேண்டும்.