ஒன்பதாயிரம் யூரோவுக்கு ஒரு பெயர்

ஜனவரி 12, திங்கள்

மானிய விண்ணப்பத்தின் செலவுப் பக்கத்தை உர்ப்போ திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் சதுப்பு நில ஆய்வு நிலையத்தின் தலைவர். எதையாவது கோடு போட்டு அடிக்காவிட்டால் அவருக்குக் காபி இறங்காது. மூன்று கட்டுரைகளை எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட இதழ்களுக்குக் கட்ட வேண்டிய ஒன்பதாயிரம் யூரோவை இந்த முறை அடித்திருக்கிறார்.

"மானியத்தோட உச்சவரம்பத் தாண்டுது, ஹென்ரீக்கா. வீபேயத் தொடர்பு ஆசிரியரா போட்டுடு. அவன் யுனிவர்சிட்டிக்கு இதழ்களோட ஒப்பந்தம் இருக்கு, கட்டணத்த அவங்களே பாத்துக்குவாங்க. நமக்கு ஒரு சென்ட் செலவில்ல."

செலவில்லையாம்! தொடர்பு ஆசிரியர் என்றால் அந்த ஆய்வுக்கே பொறுப்பாளர் என்று அர்த்தம். ஐந்து கோடையாகக் கொசுக்கடியில் முழங்கால் வரை சேற்றில் நின்றவள் நான். கூட்டு ஆய்வாளன் வீபே நெதர்லாந்திலிருந்து இரண்டு தடவை வந்தான். பூட்ஸ் நனைந்ததென்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினான்.

ஜனவரி 14

ஒரு வேலையும் ஓடவில்லை.

ஜனவரி 15

வீபேயைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லப்பா, போட்டுக்கோ. பேருதானே?"

பேருதானே! நிரந்தர வேலையில் இருக்கிறவனுக்கு அது வெறும் பேர்தான். என் ஒப்பந்தம் முடிந்து அடுத்த வேலைக்குப் போய் நின்றால் முதலில் அதைத்தானே பார்ப்பார்கள் — தொடர்பு ஆசிரியர் யார் என்று? அவன் நல்லவன் வேறு. கோபப்படக்கூட முடியவில்லை.

ஜனவரி 19

அந்த ஒன்பதாயிரத்தை மறுபடி சேர்க்க எதை வெட்டுவது? வண்டி வாடகையா? அது இல்லாமல் சதுப்புக்கு எப்படிப் போவது? கருவிகளா? இருப்பதே ஓட்டை உடைசல். சுற்றிச் சுற்றி ஒரே வரியில் வந்து நிற்கிறேன் — என் சம்பளம்.

ஜனவரி 20

வெட்டிவிட்டேன். கடைசி இரண்டு மாதம். வெளியீட்டுக் கட்டணம் மறுபடி உள்ளே.

உர்ப்போ கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கென்ன பைத்தியமா? அந்த ரெண்டு மாசம் என்னத்தச் சாப்பிடுவ?"

"பேரச் சாப்பிட்டுக்கிறேன்."

வாய்த்துடுக்கு. வெளியே வந்ததும்தான் யோசித்தேன். சரியாத்தான் பண்ணேனா? வீட்டு வாடகைய யாரு குடுப்பா?

ஜூன் 11, வியாழன்

மானியம் கிடைத்துவிட்டது. உர்ப்போ கேக் வாங்கி வந்தார். மதிப்பீட்டாளரின் குறிப்பை அவரே உரக்கப் படித்தார்: "வெளியீட்டுத் திட்டம் தெளிவாக உள்ளது. ஆனால் கடைசி இரண்டு மாதங்களில் ஆய்வாளர் எங்கே போகிறார் என்பது விளங்கவில்லை."

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். வாயில் கேக்கோடு சிரித்துவிட்டேன். எனக்கும்தான் விளங்கவில்லை.