மாதா காலடியில் முளைத்த செடி

காரிமங்கலம்
நவம்பர் 12, செவ்வாய்

அன்பு மகள் அனிஷாவுக்கு அப்பா சவரி எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். இங்கே நானும் உன் அம்மாவும் மாடுகள் இரண்டும் இருக்கிறோம், நல்ல சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை, அசாம் குளிரில் நீயாவது சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று பயந்துவிடாதே. போனை எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நான் இருமினால்கூட ஏன் இருமினேன் என்று உனக்கு அவளே சொல்லிவிடுகிறாள். அதனால் பால் சொசைட்டி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சொன்னபடி வேர், இலை, பூ, காய் எல்லாம் சேர்த்து அந்தச் செடியில் ஒரு கிளையும் ஒரு நாற்றும் செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து உள்ளே வைத்திருக்கிறேன், கவரைப் பார்த்துக் கிழி.

இந்த வருஷம் மழை பரவாயில்லை, கேழ்வரகு கதிர் முற்றிவிட்டது, அவரை பூ வைத்திருக்கிறது, சின்ன மாடு சினையாக இருக்கிறது. நல்ல சேதி அவ்வளவுதான். இனி செடி விஷயம். நம் வாசலில் குகை மாதிரிக் கட்டின கெபியில் மாதா சுரூபத்தின் காலடியில் செங்கல் இடுக்கில் முளைத்ததே, அது எந்த நாள் கண்ணில் பட்டது என்று அம்மா உனக்குச் சொன்னாளோ என்னவோ. செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள். சர்க்கரை இறங்க வேண்டும் என்று ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொன்னாள், ஒன்பதாம் நாள் மெழுகுவத்தி ஏற்றக் குனிந்தால் ஒரு விரல் உயரத்துக்கு அது நிற்கிறது. ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டாள், அப்படி ஒரு கசப்பு. ஏங்க, இது சிறியாநங்கைங்க, சக்கரைக்கு மாதாவே குடுத்ததுங்க என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். நட்டு வளர்த்ததில் ஒன்றும் இருக்காது, தானாக வந்ததில்தான் மருந்து இருக்கும் என்பது அவள் கட்சி. போன வைகாசியில் கெபியைச் சுற்றிக் கொட்டின செம்மண்ணில் விதை வந்திருக்கும் என்று நான் சொன்னதற்கு, மண்ணை அனுப்பினது யாரு என்று கேட்டாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

ஐம்பது வருஷமாகக் களை பிடுங்குகிறேன், கோரை, தும்பை, குப்பைமேனி, நாயுருவி, பார்த்தீனியம் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன், எதிலும் இது சேரவில்லை. நீ போனில் ஏற்றிக்கொடுத்தாயே, செடியைப் படம் பிடித்தால் பேர் சொல்லும் என்று, அது முதல் நாள் வாயில் நுழையாத ஏதோ அமெரிக்கச் செடி என்றது, மறுநாள் தக்காளி வகை என்றது, மூன்றாம் நாள் கொத்தமல்லி என்றது, அதோடு அதை மூடிவிட்டேன். பிறகு நல்லம்பள்ளிக்குப் போய், மூலிகை வளர்க்கும் பெரியண்ணன் தோட்டத்தில் நிஜமான சிறியாநங்கையைப் பார்த்து ஒரு கிளை ஒடித்து வந்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தேன் கண்ணு, அதன் தண்டு நாலு பட்டையாக இருக்கிறது, நம்முடையது உருண்டை, மெல்லிசாகச் சுணை வேறு. அதன் வெள்ளைப் பூவில் கத்தரிப்பூக் கோடு ஓடுகிறது, நம்முடையதில் கோடே இல்லை. இரண்டுக்கும் கசப்பு ஒன்றுதான் ஒற்றுமை. அம்மாவிடம் காட்டினேன், கண்ணாடியை மாத்துங்க என்றாள்.

பேர் தெரியாத செடி வாசலில் நிற்பதில் எனக்கென்ன வந்தது, நின்றுவிட்டுப் போகட்டும். ஆனால் அக்டோபர் முதல் தேதியிலிருந்து உன் அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள். இதை உன்னிடம் மறைத்துவிட்டோம். மாத்திரையும் போட்டுக்கொண்டு தழையையும் குடித்தால் மாதாவை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம். பங்குச் சாமியார்கூட மாத்திரையை விடாதீங்கம்மா, அதுவும் கடவுள் கொடுத்ததுதான் என்று சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. நாலாம் நாள் ஊசி குத்திப் பார்த்தால் முந்நூற்றுப் பத்து. நான் கத்தினேன், கெஞ்சினேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன், அவள் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினாள். அன்றைக்கு எனக்கு வந்த பயத்தில் ஒரு காரியம் செய்தேன். உனக்குக் கை வலிக்கிறதே, நாளையிலிருந்து நானே அரைத்துத் தருகிறேன் என்றேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் மிக்ஸியைத் தொடாதவன் இப்படிச் சொன்னதும் அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். பொடித்துக் கொடுக்கிற மாத்திரைதானா என்று நர்சம்மாவிடம் கேட்டுக்கொண்டு, தினமும் காலையும் சாயங்காலமும் இரண்டு தழையோடு மாத்திரையைப் போட்டு அரைத்துக் கொடுத்துவந்தேன். அந்தக் கசப்பில் எந்தக் கசப்பு எதனுடையது என்று யாருக்குத் தெரியப்போகிறது?

சர்க்கரை இறங்கியது. இறங்காமல் என்ன செய்யும்? இரண்டு வாரத்தில் நூற்று எழுபது. ரத்தம் பார்த்த அந்தச் சீட்டை அம்மா கெபியில் மாதா கையில் செருகி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே எல்லோரிடமும் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன் பாப்பா, அதை நினைத்தால்தான் இப்போது என் தலையை நானே இடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. செடி ஒரு ஆள் இடுப்புக்கு வளர்ந்திருந்தது, கேட்டவர்களுக்கெல்லாம் ஒடித்துக் கொடுத்தாள். மற்றவர்கள் இரண்டு நாள் குடித்துக் கசப்புத் தாங்காமல் விட்டுவிட்டார்கள். விடாதவள் பக்கத்து வீட்டு நிர்மலாதேவி ஒருத்திதான். உன்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரி அனுப்பின அதே நிர்மலா அத்தை. அவளும் தன் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள். அவள் குடித்தது வெறும் தழை.

போன வெள்ளிக்கிழமை மாட்டுக்குத் தீனி போடப் போனவள் தொட்டியோரம் விழுந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் காளியப்பனும் நானும்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை நானூற்று எண்பது. நினைவு வந்துவிட்டது, ஆனால் கால் விரலில் புண் இருந்திருக்கிறது, விரலை எடுக்க வேண்டியிருக்குமா என்று வியாழக்கிழமைதான் சொல்வார்களாம். என்ன குடித்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்கள், செடியின் பேர் என்ன, விஷமா, ஈரலுக்குக் கெடுதலா, தெரிந்தால்தானே மருந்து பார்க்க முடியும் என்றார்கள். இத்தனை பேர் குடித்தார்கள், ஒருத்தருக்கும் பேர் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் அவசரம். ஒரு கிளையை டாக்டரம்மாவிடமும் கொடுத்திருக்கிறேன், உனக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். கிடைத்த அன்றே உன் செடி ஆராய்ச்சி சாரிடம் காட்டி என்ன செடி என்று எனக்குத் தெரியப்படுத்து.

நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் காளியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். சவரிண்ணா, உங்க வூட்டுத் தழையைக் குடிச்சதாலதான் இந்த மட்டும் தப்பிச்சா, இல்லன்னா போயே போயிருப்பா, டாக்டருக்குத் தெரியாம நாளைக்கு இன்னும் ரெண்டு கொத்து கொண்டாந்து குடுங்க என்றார். கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன், யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே கெபியடியில் இருந்த செடியை வேரோடு பிடுங்கிக் குழியில் போட்டு மூடிவிட்டேன். அவள் பார்த்தாள். ஜெபமாலையைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்று காலை மாத்திரையை நீட்டினேன், வாங்கவில்லை.

நாளைக் காலை அவளையும் அழைத்துக்கொண்டு தர்மபுரி போய், காளியப்பனுக்கும் நிர்மலாவுக்கும் எதிரில் மாத்திரை அட்டையை எடுத்து வைத்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். காளியப்பன் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். எனக்குப் பயமெல்லாம் உன் அம்மாவை நினைத்துத்தான். நாற்பது நாளாக அந்தத் தம்ளரைக் குடித்து முடித்ததும் மாதாவுக்கு நன்றி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், என்னையும் கூடவே முட்டி போடச் சொல்வாள், நானும் போட்டேன். மாதாவும் நீங்களும் சேர்ந்துதான் என்னைக் காப்பாத்தினீங்க என்று ஒருநாள் சொன்னாள். இனி அவள் எதை நம்பி எழுந்திருப்பாள்? அவள் உனக்குப் போன் செய்தால் எனக்காகப் பேசாதே, அவள் சொல்வதைக் கேட்டுக்கொள், மாத்திரையை மட்டும் போடச் சொல். நீ சொன்னால் போடுவாள்.

வேளைக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. மாதா உனக்குத் துணையிருந்து நீண்ட ஆயுசு கொடுக்கட்டும். உள்ளே இருக்கும் இலையை ஆராய்ச்சி என்று சொல்லி வாயில் வைத்துப் பார்க்காதே. பேர் எதுவானாலும் மறைக்காமல் எழுது. அது மருந்துச் செடிதான் என்று தெரிந்தாலும் எழுது, அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது.

உன் அப்பா
சவரி