விளிம்பில் நின்ற கணக்கு

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

நலம்தானே? குட்டிக்கு ஜுரம் விட்டுவிட்டது, இருமல்தான் போக்குக் காட்டுகிறது. நேற்று நீ கைபேசித் திரையில் வந்ததும் என் பின்னால் ஒளிந்துகொண்டாளே, அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. பால்காரரைப் பார்த்தாலும் அப்படித்தான்.

அக்கா வந்து சமையலைப் பார்த்துக்கொள்கிறாள். கணினியும் கையுமாக இருக்கிற என்னிடம், "உன் நட்சத்திரம் எங்கயும் ஓடிப்போகாது, முதல்ல சாப்பிடு" என்கிறாள். அது கையை விட்டுப் போய்விட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

நம் நியூட்ரான் நட்சத்திரக் கட்டுரையின் கணக்கை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். சாதாரண ஈர்ப்புக்கு எழுதிய பழைய நிரலின் கடைசிப் பகுதியை அப்படியே ஒட்டியிருக்கிறேன். அங்கே அழுத்தம் பூஜ்யமானால் நட்சத்திரம் முடிந்தது; வெளியே ஒன்றுமில்லை, கணக்கை நிறுத்திவிடலாம். நாம் எடுத்துக்கொண்ட மாற்று ஈர்ப்புக் கோட்பாட்டிலோ நட்சத்திரத்தின் விளிம்பைத் தாண்டியும் காலவெளியின் வளைவு மிச்சமிருக்கிறது. வெகுதூரம் போய்த்தான் நிறையைக் கணக்கிட வேண்டும். குட்டிக்கு முதல் தடுப்பூசி போட்ட வாரம் ஒட்டியது அது. சாக்குச் சொல்லவில்லை, தேதியைச் சொல்கிறேன்.

சரியாகப் போட்டால், நம் நட்சத்திரம் தாங்கும் உச்ச நிறை இரண்டே கால் சூரியனிலிருந்து ஒன்றே முக்காலுக்கு இறங்கிவிடுகிறது. வானத்தில் இரண்டு சூரியன் நிறையுள்ள நியூட்ரான் நட்சத்திரங்களையே பார்த்தாகிவிட்டது. நாம் எடுத்த அழுத்த–அடர்த்திச் சமன்பாடு அந்த ஈர்ப்பில் தேறாது. நம் முடிவுரையில் ஒரு வரிகூட நிற்காது.

தொலைபேசியில் நீ சொன்னது காதிலேயே இருக்கிறது: "யாரு இதை நோண்டிப் பாக்கப் போறா? அச்சுக்குப் போகட்டும், விடு." உன் பதவி நீட்டிப்பு இந்தக் கட்டுரையை நம்பித்தான் நிற்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் எங்கேயோ ஒருத்தி நம் எண்ணை நம்பி இரண்டு வருஷம் உழைப்பாள். அவளும் குழந்தை தூங்கும் நேரம் பார்த்து உட்காருகிறவளாக இருக்கலாம்.

நீட்டிப்பு கிடைக்காவிட்டால் வந்துவிடு. டியூஷன் எடுத்தாவது சமாளிப்போம். அலமாரியில் உன் பக்கத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அச்சுப்படிக்கு ஒப்புதல் தர வேண்டும். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று இதழுக்கு நீயே எழுது. பிசகியது மனைவி என்றும் எழுது. நானும் எழுதலாம்தான். உன்னை முந்திக்கொண்டு எழுத எனக்குத் தெம்பில்லை. வெள்ளி காலை வரை பார்ப்பேன். அதற்கு மேல் என்னைக் காக்க வைக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர்