சுமாராக எழுதச் சொன்ன பயோடேட்டா

அன்புள்ள சின்னவனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அக்கா வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், அதுபோல நீயும் அந்த வெளிநாட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எங்கள் வேண்டுதல் அதுதான். அம்மா சுகம் என்று இந்த வரியில் நான் எழுதவில்லை, கவனித்திருப்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே, ஆனால் நீ கேட்ட வேலையை முதலில் முடித்துவிடுகிறேன், அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் அதற்கப்புறம் என் கை ஓடாது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அம்மா காதில் விழுந்துவிடும், இப்போது அவள் காது முன்னைவிடக் கூர்மை. நீ கேட்ட ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை எப்படியும் கூரியரில் போட வேண்டும், அதற்குள்ளேயே இதையும் மடித்து வைக்கிறேன்.

நீ எழுதி அனுப்பிய பயோடேட்டாவைப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, அதைப் படித்துவிட்டு உன்னை யாரும் சூப்பர்வைசராக எடுக்கமாட்டார்கள். மேலேயே கூலிங்கிளாஸ் போட்ட போட்டோ. தம்பி வேலைக்கு அனுப்பறானா, பொண்ணு வீட்டுக்கு அனுப்பறானா என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். உயரம், எடை, ரத்த வகை, பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, அப்புறம் நேர்மை, கடின உழைப்பு, பொறுமை என்று ஒரு மூட்டை. அதற்குக் கீழே கனரக வாகனத்தை விபத்தில்லாமல் ஓட்டிய அனுபவம் என்று வேறு இருக்கிறது. உனக்கு சைக்கிளே நேராகப் போகாதேடா. உன் அறையில் இருக்கிற டிரைவர் தம்பியின் பயோடேட்டாவைப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டாய் என்று புரிந்தது. நான் தொழிற்சாலை கேட்டில் சூப்பர்வைசராக இருந்தபோது ஆள் எடுக்க வேண்டுமென்றால் மேனேஜர் ஒரு கட்டுக் காகிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். அத்தனை பேரும் நேர்மையானவர்களாகத்தான் இருப்பார்கள், நான் கொஞ்சம் திருடுவேன் என்று எவன் எழுதுவான். அதனால் அந்த வரிகளை நான் படிப்பதே இல்லை. கேட்டில் நிற்கிறவன் காவலாளி, சூப்பர்வைசர் வேறு. வராதவனுக்குப் பதில் ஆள் பிடித்து நிறுத்துகிறவன், புதிதாக வந்தவனுக்கு ரெஜிஸ்டர் எழுதச் சொல்லிக்கொடுக்கிறவன், வாசலில் குடித்துவிட்டு வந்து கத்துகிறவனைக் கை ஓங்காமல் பேசி அனுப்புகிறவன், நடந்ததை நடந்தபடி ரிப்போர்ட் எழுதுகிறவன், அப்படி ஒருத்தன் அந்தக் கட்டுக்குள் இருக்கிறானா என்றுதான் தேடுவேன். நீ இரண்டு வருஷமாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறாய், பெயரும் சம்பளமும்தான் வேறு ஒருத்தருக்குப் போகிறது. ஆனால் கேட்டில் நின்றேன், ரவுண்ட்ஸ் போனேன் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறாய், படிக்கிறவர் உன்னைத் திரும்பவும் கேட்டிலேயேதான் நிறுத்துவார்.

அதனால்தான் போன வாரம் போனில் உன்னை அவ்வளவு துருவித் துருவிக் கேட்டேன், என்னப்பா போலீஸ் மாதிரி கேக்கறீங்க என்று நீயும் சலித்துக்கொண்டாய். கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. உன் சூப்பர்வைசர் மூட்டு வலி என்று படுத்தபோது ஷிஃப்ட் முழுவதையும் நீ நடத்தியது, ஒருத்தருக்கே தொடர்ந்து நைட் டியூட்டி விழுகிறது என்று ஆட்கள் முறைத்துக்கொண்டபோது உட்கார்ந்து புது அட்டவணை போட்டது, சரக்கு வண்டிகளைப் பின் கேட்டுக்கு மாற்றி முன்வாசல் நெரிசலைத் தீர்த்தது, எல்லாம். அப்புறம் அந்தப் புகை. ஏதோ கடைக்குப் போய்வந்த கதை மாதிரி சொன்னாய், ஒருநாள் மாடியில புகை வந்துச்சுப்பா, எல்லாரையும் படி வழியா இறக்கிட்டேன், ஒரு அம்மா பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாங்க, திரும்பப் போய்க் கூட்டிட்டு வந்தேன் என்று. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள், அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. எத்தனை மாதமாக அதை எங்களிடம் மறைத்து வைத்திருந்தாய் என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை என்பதை இன்னும் கொஞ்சம் படித்தால் தெரிந்துகொள்வாய்.

ஆக நான் புதிதாக எழுதி இதோடு வைத்திருக்கிற பயோடேட்டாவைப் பார். மேலே எந்த வேலைக்குக் கேட்கிறாய், எத்தனை வருஷ அனுபவம், இரண்டே வரி. அதற்குக் கீழே நீ செய்தவை, புதியது முதலில், எத்தனை ஆட்களை வைத்து வேலை வாங்கினாய், அதனால் என்ன சரியானது என்று ஒவ்வொன்றுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறேன். வேலைக்கு ஆள் கேட்டவர்களின் விளம்பரத்தில் அட்டவணை போடத் தெரிய வேண்டும், ரிப்போர்ட் எழுத வேண்டும், கேமரா அறையைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், உன்னிடம் இருப்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன். தீயணைப்புப் பயிற்சி, முதலுதவி சர்டிபிகேட், பேசத் தெரிந்த மொழிகள் அடியில். இல்லாதது ஒரு வரியும் இல்லை, இன்டர்வியூவில் எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் நீ கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லலாம். உன் மேனேஜர் நம்பரை அவரைக் கேட்காமல் கொடுத்துவிடாதே. போட்டோவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, முடியை வெட்டிக்கொண்டு எடு.

இனி அம்மா விஷயம். நான் இந்தப் பயோடேட்டாவை எழுத உட்கார்ந்த அன்று அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், கொஞ்சம் சுமாரா எழுதுங்களேன் என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்தப் புகை விஷயத்தை விட்டுடுங்க, கண்ணாடி போட்ட போட்டோவே இருக்கட்டும், லாரி ஓட்டினதையும் அடிக்காதீங்க, யாருக்குத் தெரியப்போகுது என்றாள். இந்த வேலை கிடைத்தால் உடனே சேர வேண்டும், முதல் இரண்டு வருஷம் லீவு கிடையாது, கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று நீ சொன்னதை அவள் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். பெற்ற பிள்ளை வாயில் மண்ணைப் போடச் சொல்கிறாயா என்று நான் எரிந்து விழுந்தேன். விழுந்தேனே தவிர அன்றைக்கு முழுவதும் ஒரு வரியும் எழுதவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டு, கொஞ்சம் சுமாராகத்தான் எழுதினால் என்ன என்று நானும் நினைத்தேன்.

அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது சின்னவனே. சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. நடுப்பார்வை போய்விட்டது, போனது வராது, ஓரத்தில் இருப்பதைக் காப்பாற்ற ஊசி போட்டுப் பார்க்கலாம், அதுவும் அடுத்த வருஷம் வரைக்கும் தாங்குமா என்று சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், நானும் அக்காவும் மாறி மாறிக் கூட்டிப் போகிறோம். நீ வீடியோவில் கூப்பிடும்போது போனைக் கோணலாகப் பிடிக்கிறாள், உன் நெத்தி மட்டும்தாம்மா தெரியுது என்று கேலி செய்கிறாய் அல்லவா, அவள் ஓரக்கண்ணால் உன்னைத் தேடுகிறாள். நேரே பார்த்தால் உனக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் தெரிகிறதாம், கொடியில் காய்கிற சட்டை தெரிகிறதாம், உன் முகம் இருக்கிற இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லையாம். அப்படியும் இளைச்சுட்டே, இளைச்சுட்டே என்று உன்னிடம் சொல்கிறாளே, அது வெறும் பழக்கத்தில் சொல்வது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடமும் அக்காவிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள், பிள்ளை அங்கே தனியாகக் கிடந்து அழுவான் என்று.

அக்கா டைப் அடித்துக் கொண்டுவந்ததும் அம்மா வாசிக்கச் சொன்னாள். நான் வாசித்தேன். புகை வந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். இவனா, கரப்பான் பூச்சிக்குக் கட்டில்மேல ஏறி நிப்பானே என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, ஒரு வார்த்தை குறைக்காதீங்க, அனுப்பிடுங்க, என் கண்ணுக்காக அவனைக் கேட்டுலயே நிக்க வைக்கிறது பாவம் என்றாள். அப்புறம் சுவரைத் தொட்டுத் தொட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு. அக்கா சர்டிபிகேட்டுகளை அடுக்குகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். பார்த்ததை மேலே சொல்லாமல் மறைக்கிறவன் காவலுக்கு லாயக்கில்லை என்று எத்தனையோ பேரை வேலையைவிட்டு அனுப்பியவன் நான், என் வீட்டு விஷயத்தை உன்னிடம் மறைக்க முடியவில்லை. இந்த வேலையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதற்கு நீ பொருத்தமானவன், காகிதத்தைப் பார்க்கிற யாருக்கும் அது தெரியும். வந்துவிடு என்றும் சொல்லவில்லை.

நீ நினைத்த இடத்துக்கு வந்து, நாலு பேர் மதிக்க நன்றாக இருக்க எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. ஒன்றை மறந்துவிடாதே, பயோடேட்டாவின் அடியில் எந்தத் தேதியில் சேர முடியும் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன், அதை நீதான் நிரப்ப வேண்டும். ஒரு மாதம் தள்ளிப் போட்டுக் கேட்டுப் பார். தருவார்களா என்று தெரியாது, ஆனால் நல்ல ஆள் என்றால் நான் காத்திருந்திருக்கிறேன். அந்த ஒரு மாதத்தில் இங்கே வந்தாயானால் அம்மாவுக்கு எதிரே உட்காராதே, இடது பக்கமாகக் கொஞ்சம் தள்ளி உட்கார். அந்தப் பக்கம்தான் இன்னும் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா