அஹ்சன் பள்ளிக்கூடம் போகிறான்

தேங்காப்பட்டணம்

அன்பு மகள் நிஸ்ரினுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், வாப்பாவின் முட்டிவலியும் அவரும் வழக்கம்போல. தோஹா வெயிலில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் தம்பி அஹ்சன் போனை வாங்கிக்கொண்டால் எனக்குப் பேச வாய்ப்பு ஏது, அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

வென்டிலேட்டரைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு அஹ்சன் பள்ளிக்கூடம் போகலாம், பழகிய ஒருவர் கூட இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். வாப்பாதான் சம்மதிக்கவில்லை. நீ அங்கோட்டு இங்கோட்டு போன நேரம் மெஷின் சத்தம் போட்டா பிள்ள யார விளிப்பான் என்று என்னிடம் ஒரே கேள்வி. கழுத்தில் குழாய் வைத்த பிள்ளைக்கு மெஷின் காற்றுத் தள்ளும்போதுதான் குரல் வருகிறது, மீதிப் பேச்சு அடுத்த மூச்சுக்குக் காத்திருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை மக்ரிப் தொழுகை நேரத்தில் வாப்பாவின் அக்காள் ஹமீதா மாமி வழக்கம்போல வீடெல்லாம் சாம்பிராணி போட வந்தார். கண்ணேறில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று தெரிந்தும் வருவார், நானும் தடுப்பதில்லை, அஹ்சன் அறைக்கு மட்டும் கொண்டுபோகக் கூடாது என்று பேச்சு. நான் மாடியில் துணி எடுக்கப் போன நேரம், பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கிற மெஷினுக்கல்லவா முதலில் கண் படும் என்று மாமிக்குத் தோன்றியிருக்கிறது. அது காற்று இழுக்கும் பக்கத்திலேயே புகைச்சட்டியைக் காட்டிவிட்டார். பிள்ளை இரும, மெஷின் அலற, நான் ஓடிவந்தால் சட்டி முற்றத்தில் இருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, மாமி மெஷினுக்குப் புது வடிகட்டியை மாட்டுகிறார், இவன் படுத்தபடியே சொல்லிக்கொடுக்கிறான். அது எனக்க மூக்காக்கும் மாமி என்றான், அடுத்த மூச்சு வந்ததும், உங்க மூக்குல நான் புக போட்டேனா என்றான். சளியை உறிஞ்சி எடுத்ததும் அவன் சரியாகிவிட்டான், மாமியைத்தான் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு வாப்பா, ஹமீதா அக்காளுக்கே வேலை சொல்லுகான், டீச்சருக்குச் சொல்ல மாட்டானா என்றார்.

திங்கட்கிழமை சேர்க்கிறோம், முதலில் அரைநாள்தான். அவன் வகுப்பு ரெஜிலா டீச்சர் மெஷினுக்காகப் பிளக் பக்கமாக இடம் ஒதுக்கியிருக்கிறார், அவனருகில் எனக்கும் ஒரு நாற்காலி கேட்டிருந்தேன். இன்று காலை யூனிபார்ம் போட்டுப் பார்க்கும்போது, உம்மா வராண்டாவுல இருந்தா மதி என்றான். காற்று வந்ததும், உள்ள வந்தா கிளாஸ் பிள்ளைய எல்லாம் சிரிக்கும் என்று முடித்தான். சரி, வராண்டாவிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வராண்டாவிலிருந்து பார்த்தால் அவன் முதுகு தெரியும், அது போதும்.

அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் நிம்மதியையும் தரட்டும். காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவனைக் கூப்பிடு, பயமா என்று மட்டும் கேட்காதே.

துஆவுடன்,
உன் உம்மா