மூன்றடி அகலம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே ஒரு குறையுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்று தினமும் சொல்கிறார், அவருடைய நாளை எப்போது விடியுமோ தெரியவில்லை.

வட்டாரப் போர்வை விழாவில் வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள், போய்விட்டு வந்தேன். ஆயுசுக்கும் சோபாவுக்கு உறை தைத்தவர் துண்டுத்துணிப் போர்வைக்கு வாத்தியாரா என்று அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "வீட்ல ஒரு பட்டன் தைக்கச் சொன்னா கண்ணு தெரியலம்பீங்க" என்று வழியனுப்பினாள். எனக்குக் கொடுத்தது மண்டபத்துக்குப் பின்னால் ஒரு நீள அறை. தையல் மெஷினையும் அயர்ன் பாக்ஸையும் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போய்விடும், அதனால் தைக்கிறவர் நிறுத்தினால்தான் தேய்க்கிறவர் ஆரம்பிக்கலாம் என்று ஒழுங்கு செய்தேன். வந்தவர்கள் எல்லாரும் பெண்கள், ஓய்வு பெற்ற ஒரு பஸ் டிரைவரைத் தவிர. அவர் கோடு பிசகாமல் தைத்தார், ஆனால் பெடலில் கால் வைத்தால் நிறுத்தத் தெரியவில்லை, துணி முடிந்த பிறகும் போய்க்கொண்டே இருந்தார்.

முதல் பாடம் கட்டிலை அளந்து துணிக் கணக்குப் போடுவது. போன மாதம் உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு போர்வை தைக்கலாம் என்று போனில் அளவு கேட்டேனே, நீ சொன்ன அதே அளவைப் பலகையில் எழுதினேன். கட்டில் மூன்றடி, இரண்டு பக்கமும் ஓரடி தொங்கினால் மொத்தம் ஐந்தடி. என் மகள் வீட்டுக் கட்டில் என்று பெருமையாகச் சொல்லவும் செய்தேன். முன் வரிசையில் கட்டில் கடையில் வேலை செய்யும் ஒரு அம்மா, "சார், இது ஒத்த ஆளு கட்டிலு. மாப்பிள்ளையத் தரையில படுக்க வெச்சுட்டாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லி மூன்றை அழித்து ஐந்து போட்டேன். மொத்தத்தை மாற்ற மறந்துபோனேன். அதை நம்பி வெட்டியவர்களுக்கெல்லாம் அகலம் இரண்டடி குறைந்துவிட்டது, மத்தியானம் முழுக்க ஒட்டுப்போட்டுச் சரிசெய்தோம். என் கை அப்படித் தவறுகிற கை இல்லை என்று உனக்குத் தெரியும்.

நீயும் அளக்கத் தெரியாதவள் இல்லை, டேப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான். அன்றைக்குப் போனில் இரு என்று சொல்லிவிட்டுப் போய் அளந்து வந்துதான் அளவைச் சொன்னாய். வாயால் சொல்ல முடியாததை அளவாகச் சொல்லிவிட்டாய் என்று இப்போது புரிகிறது. எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். யார் யாரை விட்டுப் போனது, ஏன் என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கேள்வி.

திரும்பி வந்து நீ சொன்ன அளவிலேயே தைத்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று, அவள் இந்தப் பக்கம் வந்தாலே மடித்து வைத்துவிடுவேன். நேற்று ஓரம் மடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றவளை நான் கவனிக்கவில்லை. துணி போதவில்லை, அதனால்தான் அகலம் குறைவு என்று நான் பொய்யை ஆரம்பிப்பதற்குள் அவளே போர்வையைத் தடவிப் பார்த்து, "அவ ஒருத்திக்கு இது தாராளம். நீளத்த மட்டும் கூட விடுங்க, அவளுக்குக் கால் சில்லிட்டுப் போகும்" என்றாள். நான் ஊசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். "போன்ல அவரு சத்தமே கேக்கறதில்லயே, எனக்கு எப்பவோ தெரியும். நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் சொல்லல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

போர்வையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முதல் தடவை தனியாக அலசு, சிவப்பு சாயம் விடும். எங்கே இருந்தாலும் எங்கள் ஆசி உன்னோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு. மாப்பிள்ளை வெளியே போயிருக்கிறார் என்று இனி சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
(பக்கத்தில் அம்மாவும்)