துணிக்குள் வைத்த அகல்

ஞாயிறு, ராத்திரி.

கவிதா கல்யாணம் இன்னிக்கு முடிஞ்சுது. மாப்பிள்ளை பம்பாய்க்காரர், யூதர். நாலு கம்புல கட்டின பந்தலுக்குக் கீழ நின்னு, துணியில சுத்தின கண்ணாடி டம்ளரை அவர் மிதிச்சு உடைக்கோணுமாம். பெத்த பொண்ணு கல்யாணத்துல போயி கண்ணாடி உடையறதா? எனக்கு மனசே ஒப்பலை.

காலையில ஊட்டுலயே, அவங்க சுத்திக் குடுத்தனுப்பியிருந்த துணியை யாருக்கும் தெரியாமப் பிரிச்சேன். டம்ளரை என் பீரோவுல வெச்சுப் பூட்டிப்போட்டு, துணிக்குள்ள ஒரு புது மண் அகலைச் சுத்தி வெச்சேன். சாவி என் இடுப்பை உட்டு நகரவே இல்லை.

மண்டபத்துல மாப்பிள்ளை மிதிச்சார். கேட்டது கண்ணாடி நொறுங்கற சத்தம். அவங்க சனம் சந்தோசத்துல கத்துச்சு. நான் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பாத்தேன்.

சில்லுகளை எடுத்து வெக்கறதுக்காகச் சம்பந்தியம்மா துணியைப் பிரிச்சாங்க. பூராவும் கண்ணாடி. ஒரு மண்துண்டு கூட இல்லை. அவங்க இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாங்க. கவிதா சிரிச்சுட்டே எனக்குச் சொன்னா: "உடைஞ்ச கண்ணாடி திரும்ப ஒட்டாதில்லம்மா, அப்படி எங்களையும் இனி யாரும் மாத்த முடியாதாம்."

"ஏன் அம்மணி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"ன்னு இவர் கேட்டார்.

"பசிங்க"ன்னேன்.

ஊட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். டம்ளர் வெச்ச இடத்துல அந்த அகல் முழுசா உக்காந்திருந்துச்சு. இதுவரைக்கும் திரியே போடாத அகல். தொட்டேன், சூடா இருந்துச்சு.

மேசை மேல வெச்சுட்டுத்தான் இதை எழுதறேன். இன்னும் ஆறலை.